எந்த ஷோக்ஷா? ஒரு பதிவு தவறிப்போன விதம்

பின்னணி

எங்களுடையது ஐந்து பேர் கொண்ட சின்னக் குழு. உலகின் சிறிய இனக்குழுக்களைப் பற்றிப் பள்ளிப் பிள்ளைகளும் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களும் புரட்டிப் பார்க்கும்படி, ஒவ்வொன்றும் ஒரு பக்கத்துக்கு மிகாமல் தமிழில் பதிவுகள் எழுதித் தொகுத்துவருகிறோம். யாருக்கும் சம்பளம் இல்லை. வேலைக்குப் போய்வந்த பிறகு இரவில் கிடைக்கும் நேரத்தில் நடக்கும் காரியம் இது. நான் தொகுப்பாளர். இங்கே யாருடைய பெயரையும் சொல்லப்போவதில்லை. ஆனால் ‘ஷோக்ஷா’ என்ற சிறு இனக்குழுவைப் பற்றிய பதிவில் நடந்த பிழையில் பெரும்பங்கு பதிவை எழுதியவருடையதல்ல, அதைப் பார்த்துச் ‘சரி’ என்று அனுப்பிய என்னுடையது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

அந்த மாதம் ரஷ்யாவின் வோல்கா ஆற்றுப் படுகையில் வாழும் பின்னோ-உக்ரிய மக்களை (பின்னிஷ், ஹங்கேரியன் மொழிகளின் குடும்பத்தைச் சேர்ந்த மொழிகளைப் பேசுபவர்கள்) எடுத்திருந்தோம். மாரி, உத்மூர்த்து முடிந்து மொர்தோவியா வந்திருந்தது. இது ரஷ்யக் கூட்டமைப்பில் ஒரு குடியரசு, தலைநகர் சரான்ஸ்க். 1930-இல் தன்னாட்சிப் பகுதியாகி, 1934-இல் சோவியத் தன்னாட்சிக் குடியரசானது. இன்று ரஷ்யன், எர்சியா, மோக்சா என மூன்றும் அங்கே ஆட்சிமொழிகள். எர்சியரும் மோக்சரும் சேர்ந்துதான் ‘மொர்த்வா’ என்று வெளியே அறியப்படுகிறார்கள். அந்தப் பெயர் வெளியார் வைத்தது. 6ஆம் நூற்றாண்டில் யோர்தானிஸ் எழுதிய கோத்தியர் வரலாற்றிலேயே ‘மோர்தென்ஸ்’ என்று ஒரு மக்கள் வருகிறார்கள். ஆனால் அந்த மக்களின் இரு மொழிகளிலும் தங்களைச் சுட்டும் சொந்தச் சொல்லாக அது இருந்ததில்லை. எர்சியாவில் வீடு ‘கூதோ’, மோக்சாவில் ‘கூத்’. எர்சியாவில் சூரியன் ‘ச்சி’, மோக்சாவில் ‘ஷி’. இப்படிச் சொல்லுக்குச் சொல் உறவு தெரிந்தாலும், பேச்சென்று வந்துவிட்டால் ஒருவர் மொழி மற்றவருக்கு எளிதில் பிடிபடாது.

2010 மக்கள்தொகைக் கணக்கில் ரஷ்யா முழுவதும் மொர்த்வா என்று பதிவானவர்கள் 7,44,237 பேர். அதற்குள் தனியாக எர்சியா என்று சொன்னவர்கள் 57,008. மோக்சா என்று சொன்னவர்கள் 4,767. மீதிப் பேரெல்லாம் பொதுப்பெயருக்குள்ளேயே நின்றுவிட்டார்கள். பெரிய பெயருக்குள் சிறிய பெயர் எப்படிக் காணாமல் போகும் என்பதற்கு இந்த ஒரு வரி போதும். பின்னால் வரப்போகும் சிக்கலுக்கும் இதில் பங்குண்டு.

எர்சியருக்குள்ளும் அவர்களை ஒட்டியும் உட்குழுக்கள் உண்டு. நீஷ்னி நோவ்கோரத் பக்கம் இருந்த தெர்யுகானர் முழுக்க ரஷ்ய மொழிக்குப் போய்விட்டவர்கள். தாத்தர்ஸ்தானில் வசிக்கும் கரத்தாயர் பேசுவது தாத்தார். மூன்றாவது ஷோக்ஷா. எங்கள் கதை இந்த மூன்றாவது குழுவைப் பற்றியது.

பதிவு எழுதப்பட்டது

எழுதியவர் கல்லூரி முடித்து இரண்டு வருடமான ஒரு பெண். கெட்டிக்காரர். கொடுத்த தேதிக்கு முன்பே வேலையை முடித்துவிடுவார். அவர் அனுப்பிய ஷோக்ஷா பதிவில் நான்கு பத்திகள் இருந்தன. சாரம் இது:

“ஷோக்ஷா என்போர் எர்சியா மக்களின் உட்குழு. மொர்தோவியாவின் மேற்கில் தெங்குஷெவோ மாவட்டத்திலும் தோர்பெயெவோ மாவட்டத்திலும் சுமார் 10,000 பேர் வாழ்கிறார்கள். ஏனைய எர்சியரிடமிருந்து நெடுங்காலம் பிரிந்திருந்ததால் இவர்கள் பேச்சில் மோக்சாவின் தாக்கம் அதிகம். ஷோக்ஷா ஊர் அடர்சிவப்புக் கல்லுக்கு உலகப் புகழ்பெற்றது. பாரிஸில் நெப்போலியனின் கல்லறைப் பேழை இந்தக் கல்லால் ஆனது. மாஸ்கோவில் லெனின் நினைவிடத்தின் முகப்பில் அவர் பெயரும் இந்தக் கல்லில்தான் பொறிக்கப்பட்டுள்ளது.”

கூடவே ஒரு படம்: ஏரிக்கரையில் தலையில் துணி கட்டிய ஒரு மூதாட்டி. படக்கோப்பின் பெயரில் ‘ஷோக்ஷா’ இருந்தது.

படித்ததும் எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. உண்மையைச் சொன்னால், நெப்போலியன் வந்ததால்தான் பிடித்தது. பத்தாயிரம் பேர் கொண்ட, யாரும் கேள்விப்படாத ஒரு குழுவின் ஊரிலிருந்து பேரரசனின் கல்லறைக்குக் கல் போயிருக்கிறது என்றால் எந்தப் பையனும் மறக்கமாட்டான் என்று நினைத்தேன். ஒவ்வொரு வாக்கியத்தையும் தனித்தனியே சரிபார்த்தேன். தெங்குஷெவோ மாவட்டம், சரி. மோக்சாவின் தாக்கம், சரி. நெப்போலியனின் கல் ஷோக்ஷாவிலிருந்து வந்தது, அதுவும் சரி. தெங்குஷெவோ மாவட்டத்தில் ஷோக்ஷா என்றே ஓர் ஊர் இருக்கிறதா என்றும் பார்த்தேன். இருந்தது. அதோடு திருப்தியாகிவிட்டேன்.

ஒரு வாக்கியம்கூடப் பொய்யில்லை. மூன்றாவது வாக்கியத்துக்கும் நான்காவது வாக்கியத்துக்கும் நடுவே இருந்த முற்றுப்புள்ளியில்தான் பிழை இருந்தது.

முதலில் கவனித்தவர்

மெய்ப்பு பார்த்த அக்கா எழுத்துப்பிழைகளைத் திருத்தி அனுப்பினார். பொருளில் அவர் கைவைப்பதில்லை, அது அவர் வேலையும் இல்லை. பிழை பிடிபட்டது வேறு வழியில். எங்கள் பதிவுகளைச் சும்மா ஆர்வத்துக்காகப் படித்துத் தரும் ஒருவர் இருக்கிறார். நிலவியல் கற்பித்து ஓய்வுபெற்றவர், நாங்கள் ‘சார்’ என்றே கூப்பிடுவோம். மொழி, இனம் எதிலும் தலையிடமாட்டார். கல் என்று வந்தால் மட்டும் விடமாட்டார்.

இரவு பத்தரை மணிக்குப் போன் செய்தார். “அந்தப் பொண்ணு எழுதினது நல்லாருக்கு. ஆனா மொர்தோவியால குவார்ட்சைட் எங்கேருந்து வந்துச்சு?”

எனக்குக் கேள்வியே புரியவில்லை. அவர் விளக்கினார். மொர்தோவியா ரஷ்யச் சமவெளியின் நடுவே கிடக்கிறது. அங்கே மேலே தெரிவதெல்லாம் படிவுப்பாறை: சுண்ணாம்புக்கல், மார்ல் (களிமண் கலந்த சுண்ணாம்புக்கல்), சாக் எனும் மென்மையான வெண்கல், களிமண். அங்குள்ள சிமெண்ட் ஆலைகள் நம்பியிருப்பதும் இந்தச் சுண்ணாம்பைத்தான். நெப்போலியனின் பேழைக்குப் போன கல் அந்த வகையே இல்லை. அது குவார்ட்சைட், 170 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட மணற்கல் இறுகி உருமாறியது. இரும்பு ஆக்சைடு கலந்ததால் வந்தது அந்தச் சிவப்பு. அப்படிப்பட்ட பழைய பாறை தரைக்கு மேலே கிடைக்க வேண்டுமென்றால் பால்டிக் கேடயம் என்று சொல்கிற வடமேற்குப் பக்கம் போக வேண்டும், கரேலியாவுக்கு.

“அங்க ஒனேகா ஏரிக் கரையில ஷோக்ஷான்னு ஒரு ஊர் இருக்கு. கல்லு அந்த ஊர்து. நீங்க சொல்ற சனங்க அங்க இருக்காங்களா?”

இல்லை. வரைபடத்தைத் திறந்தேன். தெங்குஷெவோ மாவட்டம் வடக்கு அட்சம் 54 பாகைக்கும் 55 பாகைக்கும் நடுவே. கரேலியாவின் ஷோக்ஷா 61 பாகையைத் தாண்டி. நேர்கோட்டில் 800 கிலோமீட்டருக்கும் மேல். ஊர் இருக்கிறதா என்று பார்த்த நான், எந்த ஊர் என்று பார்க்கவில்லை. படத்தில் மூதாட்டிக்குப் பின்னால் தெரிந்த பெரிய ஏரியும் அப்போதுதான் உறைத்தது. தெங்குஷெவோ இருப்பது மோக்சா ஆற்றங்கரையில்; கடல்போலப் பரந்த ஏரி அங்கே கிடையாது.

அவசரத் திருத்தமும் அதனால் வந்த குழப்பமும்

பதிவு இன்னும் வெளிவரவில்லை, ஆனால் மறுநாள் காலை போக வேண்டியது. குழுவில் ஒருவரிடம் “ஷோக்ஷாவில் சிக்கல், பார்த்துச் சரிசெய்யுங்கள்” என்று ஒற்றை வரியில் செய்தி போட்டுவிட்டுத் தூங்கிவிட்டேன். இது என் இரண்டாவது தவறு.

அவர் என்ன நினைத்தார் என்பது பிறகு கேட்டபோதுதான் தெரிந்தது. அந்த வாரம் முழுக்க அவர் மோக்சா பற்றித்தான் படித்துக்கொண்டிருந்தார். ‘ஷோக்ஷா’ என்பதைத் தட்டச்சுப் பிழை என்று எடுத்துக்கொண்டார். வரைபடத்தில் தெங்குஷெவோவைப் பார்த்தார். பக்கத்திலேயே மோக்சா ஆறு ஓடியது. அவருக்குச் சந்தேகம் தீர்ந்தது. கணினியில் ‘தேடி மாற்று’ கொடுத்து எல்லா ஷோக்ஷாவையும் மோக்சா ஆக்கிவிட்டார். காலையில் நான் பார்த்த பதிவு இப்படித் தொடங்கியது: “மோக்சா என்போர் எர்சியா மக்களின் உட்குழு. இவர்கள் பேச்சில் மோக்சாவின் தாக்கம் அதிகம்.”

சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரம் கழித்து வயிற்றைக் கலக்கியது. முந்தைய பிழை ஒரு கல்லை இடம் மாற்றியது. இந்தத் திருத்தமோ ஒரு மக்கள் குழுவையே, அதுவும் தன் அண்டை மொழியால் ஏற்கெனவே பாதி மூடப்பட்டிருந்த ஒரு குழுவை, அந்த அண்டை மொழியின் பெயரிலேயே கரைத்துவிட்டது.

எழுத்துமுறையிலும் எங்கள் பங்கு உண்டு. முதலில் ‘மோக்ஷா’ என்றுதான் எழுதிவந்தோம். படித்த இரண்டு மூன்று பேர் “இவங்களுக்கும் மோட்சத்துக்கும் என்ன சம்பந்தம்?” என்று கேட்டார்கள். ஒரு சம்பந்தமும் இல்லை. அது ஆற்றின் பெயர். அதனால் ‘மோக்சா’ என்று மாற்றினோம். ஷோக்ஷாவில் ‘ஷா’வை அப்படியே விட்டோம். ஒரே ரஷ்ய ஈற்றெழுத்துகள் தமிழில் இரண்டு விதமாக வந்தால், இரண்டில் ஒன்று பிழை என்று படிப்பவர் நினைப்பது இயற்கை. இந்த முரணை இன்றும் அப்படியேதான் வைத்திருக்கிறோம். வெளிவராமல் தடுத்த பதிவு ஒன்று, மோட்சம் என்று படிக்கும் வாசகர் பத்துப் பேர் என்றால், பத்துப் பேரின் பக்கம் நிற்பதுதான் சரி என்று எனக்குப் படுகிறது. குழுவில் ஒருவர் இதை இன்னும் ஏற்கவில்லை.

நிறுத்திவைக்கும் முடிவு

அன்று காலை மூன்று வழிகள் இருந்தன. கல் பற்றிய பத்தியை மட்டும் வெட்டிவிட்டு வெளியிடலாம். பதிவையே கைவிடலாம். அல்லது நிறுத்திவைத்து முழுதாகப் பிரித்து எழுதலாம்.

வெட்டி வெளியிடுவதுதான் எளிது. ஆனால் நாங்கள் செய்த பிழையை வேறு யாரும் செய்யக்கூடும். ‘ஷோக்ஷா’ என்று தேடுகிற எவருக்கும் கல்லும் மக்களும் கலந்தே கண்ணில் படும். பிரித்துக் காட்டாத பதிவால் என்ன பயன்? ஆகவே நிறுத்திவைத்தோம். எழுதியவரிடம் நானே பேசினேன். அவர் அழுதுவிடுவார் என்று பயந்தேன். அவரோ, “நான் ரெண்டு பக்கத்தையும் ஒரே நாள்ல படிச்சேன் அண்ணா. ரெண்டிலயும் ஊர் பேர் ஒண்ணு, ரெண்டிலயும் பின்னோ-உக்ரிய சனங்க. ஒண்ணுதான்னு நினைச்சிட்டேன்” என்றார். அந்த ‘ரெண்டிலயும்’தான் சிக்கலின் வேர் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

இரண்டையும் பிரித்துப் பார்த்தபோது

மொர்தோவியப் பக்கம். ஷோக்ஷாக்களைத் தெங்குஷெவோ மொர்த்வா என்றும் சொல்வதுண்டு. எர்சியா மொழியில் பெயர் ‘ஷோக்ஷோ’. பெரும்பான்மை எர்சியர் கிழக்கே வாழ, இவர்கள் வடமேற்கில் மோக்சர் சூழ்ந்த இடத்தில் தனித்துப்போனார்கள். எர்சியா வட்டார வழக்குகளை மொழியியலாளர்கள் ஐந்து குழுக்களாகப் பிரிப்பார்கள்: நடு, மேற்கு, வடக்கு, தென்கிழக்கு, கடைசியாக ஷோக்ஷா. மற்ற நான்கும் திசையின் பெயர்களைத் தாங்கியிருக்க, இது மட்டும் மக்களின் பெயரால் நிற்பதே இது எவ்வளவு ஒதுங்கிய வழக்கு என்பதைக் காட்டுகிறது. பள்ளியிலும் அச்சிலும் புழங்கும் எர்சியா, நடுக்குழுவின் கோஸ்லொவ்கா ஊர் வழக்கை அடிப்படையாகக் கொண்டது. ஆகவே ஷோக்ஷாப் பிள்ளை வீட்டில் பேசுவது ஒன்று, ‘எர்சியா’ என்று புத்தகத்தில் பார்ப்பது இன்னொன்று, ஊரைச் சுற்றிக் கேட்பது மோக்சா, அலுவலகத்தில் ரஷ்யன். எர்சியருக்கும் மோக்சருக்கும் இடைப்பட்ட குழு என்று இவர்களைச் சொல்வது இதனால்தான்.

சரான்ஸ்கில் மருத்துவம் படித்துத் திரும்பிய ஒருவர் எங்களுக்குப் பழக்கம். ரஷ்ய எழுத்துகளைப் படித்துச் சொல்ல அவரைப் பிடித்தோம். ஆறு வருடம் அங்கே இருந்தும் ஷோக்ஷா என்ற சொல்லை ஒருமுறைகூடக் கேட்டதில்லை என்றார். “எர்சியாவா மோக்சாவான்னு கேட்பாங்க. அதோட முடிஞ்சிரும்.” ஒருவரின் அனுபவம்தான் இது, ஆனால் மக்கள்தொகைக் கணக்கின் அட்டவணையும் அதையேதான் சொல்லிற்று.

கரேலியப் பக்கம். பிரியோனெஷ்ஸ்கி மாவட்டத்தில், பெத்ரசாவோத்ஸ்க் நகருக்குத் தெற்கே, ஒனேகா ஏரியின் மேற்குக் கரையில் இருக்கிறது ஊர். இது வெப்ஸ் என்ற இன்னொரு சிறிய பின்னோ-உக்ரிய மக்களின் நிலம். அவர்கள் மொழியில் ஊரின் பெயர் ‘ஷோக்ஷ்’. 2010 கணக்கில் ரஷ்யா முழுவதும் வெப்ஸியர் 5,936 பேர். 1994-இல் ஷோல்தொசெரோ, ரிப்ரேக்கா, ஷோக்ஷா ஆகிய பகுதிகளைச் சேர்த்து வெப்ஸியருக்கென்று தனி நிர்வாக வட்டம் ஒன்று அமைத்தார்கள். 2000-களின் நடுவில் அது கலைக்கப்பட்டது. படத்திலிருந்த மூதாட்டி இந்தப் பக்கத்தவர் என்பதே எங்கள் ஊகம்.

கல்லின் கதை இங்கேதான் நடக்கிறது. 1821-இல் செயின்ட் ஹெலினாவில் இறந்த நெப்போலியனின் உடலை 1840-இல் பாரிஸுக்குக் கொண்டுவந்தார்கள். இன்வாலீத் ஆலயத்தில் கல்லறையை வடிவமைத்தவர் விஸ்கோந்தி. பழைய ரோமப் பேரரசர்களுக்கு அமைந்ததுபோல போர்ஃபைரி என்ற ஊதாச்சிவப்புக் கல்லில் பேழை வேண்டும் என்று தேடினார்கள். கிடைத்தது ஷோக்ஷாக் கல். ரஷ்யப் பேரரசர் முதலாம் நிக்கலாய் அனுமதி தந்தார். 1861-இல்தான் உடல் அந்தப் பேழைக்குள் வைக்கப்பட்டது. பேழையின் அடிப்பீடம் பிரான்ஸின் வோஜ் மலைப் பச்சைக் கிரானைட்.

இந்தக் கல்லுக்கும் ஒரு பெயர்க்குழப்பம் உண்டு. ‘ஷோக்ஷா போர்ஃபைரி’ என்றே நெடுங்காலம் அழைத்தார்கள். போர்ஃபைரி தீக்குழம்பு இறுகிய தீப்பாறை. ஷோக்ஷாக் கல் மணலிலிருந்து வந்த குவார்ட்சைட். நிறம் ஒத்திருந்தது, பெயர் ஒட்டிக்கொண்டது. சார் இதைச் சொல்லும்போது குரலில் ஒரு சந்தோஷம். “பாத்தீங்களா, கல்லுக்கே தப்பான பேரு. அந்தக் கல்லை நீங்க தப்பான ஊருக்குக் கொண்டுபோயிட்டீங்க.”

மாஸ்கோ செஞ்சதுக்கத்தில் 1930-இல் முடிந்த லெனின் நினைவிடத்தில், கருங்கல்லின் நடுவே அவர் பெயரின் எழுத்துகள் சிவப்பாகத் தெரிவது இந்தக் கல்லால்தான். 1967-இல் திறந்த பெயரறியாப் போர்வீரர் நினைவிடத்திலும் இதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

இரு பக்கங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. எர்சியாவில் ‘ஷோக்ஷோ’, வெப்ஸில் ‘ஷோக்ஷ்’. இரண்டும் ஒரே சொல்லாவது ரஷ்ய மொழிக்கு வந்த பிறகுதான். நாங்கள் படித்ததெல்லாம் ரஷ்யனும் அதைப் பின்பற்றிய ஆங்கிலமும். உள்ளூர்ப் பெயரை முதலில் எழுதிப்பார்த்திருந்தால் அன்றிரவே பிரித்திருக்கலாம்.

உறவு இருக்குமோ என்ற ஆசை

பிரித்து எழுதி முடித்த பிறகு எனக்கு இன்னொரு ஆசை வந்தது. இரு பக்கமும் பின்னோ-உக்ரியர். பெயரும் ஒன்று. பழைய காலத்தில் ஏதாவது தொடர்பு இருந்திருக்காதா? ‘பொதுவான வேரிலிருந்து வந்திருக்கக்கூடும்’ என்று ஒரு வரி எழுதியும் விட்டேன். எழுதியபோது இனித்தது.

இரண்டு நாள் கழித்து நானே அடித்தேன். காரணம் எளிது. வெப்ஸ், பின்னிஷ்-எஸ்தோனியன் பக்கத்துக் கிளை. எர்சியா, மொர்த்வினியக் கிளை. பின்னோ-உக்ரியம் என்ற பெரிய குடையின் கீழ் இருவரும் வருகிறார்கள் என்பதைத் தவிர, இந்த இரு ஊர்களையும் இணைக்க என்னிடம் ஒன்றும் இல்லை. ‘-க்ஷா’ என்று முடியும் ஆற்றுப்பெயர்கள் வோல்கா-ஓக்கா பகுதியில் ஏராளம். மோக்சாவே ஒன்று, விளதீமிர் பக்கத்தில் கோலோக்ஷா இன்னொன்று. ஈற்றெழுத்து ஒத்துப்போவதை வைத்து உறவு கட்டினால் எல்லா ஆறும் உறவாகிவிடும். ‘கூடும்’ என்று எழுதுவது அடக்கம் போலத் தோன்றும். பரீட்சைக்குப் படிக்கும் பையன் அந்த ‘கூடும்’ஐப் படிக்கமாட்டான், ‘வேரிலிருந்து வந்தது’ என்பதை மட்டும் மனப்பாடம் செய்வான்.

பத்தாயிரம் என்ற எண்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். மக்கள்தொகைக் கணக்கில் மொர்த்வா என்ற வரிக்குக் கீழே எர்சியாவும் மோக்சாவும் இருக்கின்றன. ஷோக்ஷாவுக்குத் தனி வரி இல்லை. 10,000 என்பது எண்ணிப் பார்த்த எண்ணல்ல, மதிப்பீடு. பதிவில் மக்கள்தொகை எண்களுக்கு நடுவே அது எண்ணிய எண்போல உட்கார்ந்திருந்தது. ‘மதிப்பீடு’ என்ற சொல்லைச் சேர்த்து, கணக்கெடுப்பு எண்கள் இருந்த பத்தியிலிருந்து வேறு பத்திக்கு மாற்றினோம்.

வெளியான பிறகு

மூன்று வாரம் தாமதமாக வெளியிட்டோம். ஒரு பதிவு மூன்றானது: ஷோக்ஷா மக்கள், ஒனேகாக் கரை ஷோக்ஷா, ஷோக்ஷாக் குவார்ட்சைட். மூன்றின் தலையிலும் ‘இதே பெயரில் வேறு பதிவுகளும் உண்டு’ என்று ஒரு வரி. கல்லும் நெப்போலியனும் போன பின் மக்களைப் பற்றிய பதிவு சுருங்கிவிடும் என்று பயந்தேன். நடந்தது வேறு. கல் அடைத்துக்கொண்டிருந்த இடத்தில் மொழியைப் பற்றி எழுத இடம் கிடைத்தது. எழுதியவரே வீடு, பள்ளி, ஊர், அலுவலகம் என்று ஒரு பிள்ளை நான்கு வழக்குகளுக்கு நடுவே வளர்வதை ஒரு பத்தியாக எழுதினார். முதல் வடிவில் இருந்த எதையும்விட அது நன்றாக இருந்தது.

முதல் வாரத்தில் வந்த ஒரே புகார், ‘நெப்போலியன் பற்றி ஏன் இல்லை?’ என்பது. எங்கோ படித்த ஞாபகம் என்று அவர் எழுதியிருந்தார். அவருக்குக் கல் பற்றிய பதிவை அனுப்பினோம்.

பழைய பதிவுகளையும் ஒருமுறை தோண்டினோம். எர்சியா பதிவிலேயே ஒன்று அகப்பட்டது. சரான்ஸ்கில் உள்ள எர்சியா அருங்காட்சியகத்தை ‘எர்சியா மக்களின் அருங்காட்சியகம்’ என்று எழுதியிருந்தோம். அது ஸ்தெபான் எர்சியா (1876–1959) என்ற சிற்பியின் பெயரால் அமைந்த கலைக்கூடம். அவருடைய சொந்தக் குடும்பப்பெயர் நெஃபியோதவ். தன் மக்களின் பெயரைப் புனைபெயராக வைத்துக்கொண்டவர். மக்களின் பெயர் மனிதருக்குப் போய், மனிதரிடமிருந்து கட்டடத்துக்குப் போயிருக்கிறது. நாங்கள் அதைத் திரும்ப மக்களிடம் கொண்டுபோய் விட்டிருந்தோம்.

மாற்றியவை, மாறாதவை

இப்போது ஊர் வரும் எந்தப் பதிவிலும் எழுதுபவர் ஆயத்தொலைவை வரைபடத்தில் குறித்து அனுப்ப வேண்டும். ஊர் இருக்கிறது என்பதற்கு அது சான்று. அதோடு, இந்த வாக்கியத்து ஊரும் அந்த வாக்கியத்து ஊரும் ஒன்றா என்பதற்கும். உள்ளூர் மொழியில் பெயர் தெரிந்தால் முதல் வரியிலேயே போட வேண்டும். ‘தேடி மாற்று’வை முழுப் பதிவுக்கும் ஒரே அடியாகக் கொடுக்கக்கூடாது, ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும். இரவில் ஒற்றை வரிச் செய்தி அனுப்பக்கூடாது என்பதையும் நானே சேர்த்தேன். அது எனக்கு மட்டுமான விதி.

மீண்டும் செய்வதாக இருந்தால் இன்னொன்றும் செய்வேன். எழுதியவருக்கு முதலில் கொடுத்த பட்டியலில் ‘ஷோக்ஷா’ என்று ஒரே ஒரு சொல் மட்டும் இருந்தது. ‘ஷோக்ஷா, தெங்குஷெவோ’ என்று எழுதியிருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது. பட்டியலைப் போட்டவன் நான்.

படத்தை மட்டும் தீர்க்க முடியவில்லை. மூதாட்டி எந்த ஊர்க்காரர் என்று படத்தைப் பதிவேற்றியவருக்கு எழுதிக் கேட்டோம், பதில் வரவில்லை. ஏரி இருப்பதால் ஒனேகாக் கரைப் பதிவில் போட்டுவிடலாம் என்று இரண்டு பேர் சொன்னார்கள். அது எங்கள் ஊகம் மட்டுமே என்று எழுதியவர் மறுத்துவிட்டார். ஆக மூன்று பதிவுகளிலும் படத்துக்கான கட்டம் இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது.